பட்டியலில் இரண்டு பேர்

மதிய வெயில் பழைய கணினியின் தூசி முதுகில் விழுந்து கிடக்கிறது. உள்ளே மின்விசிறி மூச்சிரைப்புக்காரரைப் போல இழுத்து இழுத்துச் சுற்றுகிறது. யாரும் சீந்தாத இந்தப் பழைய பிராசஸரிலும் லினக்ஸ் இயங்குதளம் ஓடியே தீர வேண்டுமென்று அதன் பராமரிப்பாளர் ஒற்றை ஆளாகப் பன்னிரண்டு வருடமாக மல்லுக்கட்டுகிறார். திரையில் இந்த வாரக் கணக்கு நிற்கிறது: பயன்படுத்துவோர், இரண்டு. ஒருவர் அவர். மற்றவர் முகமே பார்க்காத சிநேகிதர். கணக்கு ஒன்றாகக் குறைந்துவிட்டால், லினக்ஸ் ஓடும் பிராசஸர்களின் பட்டியலிலிருந்தே இதைத் தூக்கிவிடுவார்கள். காதோடு ஒட்டிய கைபேசியில் சிநேகிதரின் மனைவி பேசுகிறாள். "அவர் போய் இருபது நாளாச்சு அண்ணா. இந்தப் பெட்டி மட்டும் இன்னும் இரைஞ்சுக்கிட்டே இருக்கு. உங்க நம்பரை அதுமேல ஒட்டி வச்சிருந்தார். எப்படி நிறுத்தறது?" அவள் குரலுக்குப் பின்னால் அதே மின்விசிறி இழுப்பு. அது பாட்டுக்கு ஓடட்டும் என்று சொல்ல நாக்கு நுனிவரை வருகிறது. விழுங்கிக்கொள்கிறார். "பிளக்கை மட்டும் பிடுங்கிடாதீங்கம்மா, டிஸ்க் கெட்டுடும்," என்கிறார், இனி யாரோ அதைத் திறக்கப்போவது மாதிரி. பிறகு கணினியை நிறுத்தும் கட்டளையை ஒவ்வோர் எழுத்தாகச் சொல்கிறார். மறுமுனையில் ஒற்றை விரல் தேடித் தேடித் தட்டுகிறது. இழுப்பு மெலிந்து, நின்றுபோகிறது. "நின்னுடுச்சு அண்ணா." அவர் திரையைப் பார்க்கிறார். அடுத்த கணக்கெடுப்பு திங்கட்கிழமைதான். அதுவரை இரண்டு பேர்.