அவிழ்க்காத கயிறு

“அவிட்டுப்போட்டுத்தானே வந்தனீங்கள்? வாயைத் திறந்து சொல்லுங்கோவன்!”

இலட்சுமிப்பிள்ளை இதைக் கேட்டபோது வள்ளம் சரவணைக் கரையை விட்டுப் ஆழமில்லாத பரவைக்கடலில் பாதி தாண்டிவிட்டது. புருஷன் சிவபாதம் எதிரே தெரிந்த அராலிக் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வள்ளக்காரன் சவிரிமுத்து கம்பை ஊன்றித் தள்ளியபடியே காது கொடுத்தான். தொண்ணூறாம் ஆண்டு ஆவணி மாதம் அது. இலங்கை ஆமிப் படை சரவணை இருக்கிற தீவுக்குள் இறங்கிவிட்டதென்று ஊரே ஓடிக்கொண்டிருந்தது. அவனும் விடிந்ததிலிருந்து சனத்தை ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்தான்.

“அம்மா எதை அவிட்டதோ எண்டு கேக்கிறா, மனேச்சர் ஐயா?”

“பசு,” என்றார் சிவபாதம் சட்டென்று. “பின் வளவுக் கொட்டிலுக்கை கட்டினபடி நிக்குது. அவசரத்திலை மறந்துபோனன்.”

சவிரிமுத்து ஊன்றிய கம்பை நிறுத்தி அவரைத் திரும்பிப் பார்த்தான். சனம் உலையில் கொதிக்கிற சோற்றை இறக்காமல்கூட ஓடியது. ஆனால் மாட்டையும் ஆட்டையும் நாயையும் அவிழ்த்து விடாமல் ஒருவரும் வெளிக்கிடவில்லை. மேய்ந்தாவது பிழைக்கட்டும் என்கிற அந்தளவு ஈரம் எல்லோருக்கும் இருந்தது.

கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர் மட்டும் மறந்துபோனாராம்! ரேடியோவை மறக்கவில்லை, தையல் மெசினை மறக்கவில்லை. ஒரு மடக்குக் கதிரையைக்கூடச் சுமந்துவந்து, இரண்டு சனம் இருக்கக்கூடிய இடத்தில் விரித்து வைத்திருந்தார்.

அந்தக் கதிரையில் கால்மேல் கால் போட்டு இருந்தவர் புங்குடுதீவுக் கனகசபை. சிவபாதத்தின் மகள் மனோகரிக்குப் பேசியிருக்கும் கனடா மாப்பிள்ளையின் தகப்பன். கலியாணத்துக்கு நாள் வைக்க வந்தவர் சண்டைக்குள் அகப்பட்டு, கரையில் சம்பந்தியைக் கண்டு இந்த வள்ளத்தில் ஏறியிருந்தார்.

“மறந்தனீங்களோ?” இலட்சுமிப்பிள்ளை விடவில்லை. “உங்களிட்டைச் சொல்லிப்போட்டுத்தானே நான் படலைக்கு வந்தனான்?”

சிவபாதம் குரலைத் தாழ்த்தினார். “அவிட்டால் எங்களுக்குப் பின்னாலை கரைமட்டும் வந்திருக்கும். வந்திருந்தால் என்ன கூத்து நடந்திருக்குமெண்டு உனக்குத் தெரியாதே?”

வள்ளம் சின்னது. அது சவிரிமுத்துவின் காதிலும் விழுந்தது. அப்போ இது மறதி இல்லை, மனமறிந்து செய்த வேலை. ஒரு மாடு கரையில் நின்று கத்தினால் சம்பந்தி முன்னால் மரியாதை குறைந்துவிடுமாக்கும். இதெல்லாம் ஒரு மனிசனா என்று கடலில் காறித் துப்பினான்.

கனகசபை நெற்றித் திருநீற்றில் இறங்கிய வேர்வையை ஒற்றிக்கொண்டார். “என்ன சம்பந்தி இது? பசுவைக் கட்டினபடி சாகவிட்டால் ஏழு சென்மத்துக்கும் பாவம் விடாது. மாசு மறு இல்லாத குடும்பமெண்டு நாலு இடத்திலை விசாரிச்சுத்தானே பொம்பிளை எடுக்கிறம்.”

“கிழட்டு மாடு...” என்று சிவபாதம் இழுத்தார்.

தீவுப் பக்கம் ஹெலி ஒன்று தாழப் பறந்துபோனது. இலட்சுமிப்பிள்ளை இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டாள். “ஐயோ, இந்தச் சத்தத்துக்குத் தலையைத் தூணிலை அடிச்சு அடிச்சு...”

மனோகரி சட்டென்று தாயை இழுத்து அணைத்து, வாயைப் பொத்தினாள். அழுகிற தாயைத் தேற்றுகிறாள், இந்த ஒன்றாவது மனிசப் பிறவியாக இருக்கிறது என்று சவிரிமுத்து நினைத்தான்.

“அழாதையுங்கோ அம்மா,” என்றான். “அடுத்த சனத்தை ஏத்த நான் எப்பிடியும் திரும்பிப் போறன். வீட்டைச் சொல்லுங்கோ, ஓடிப்போய் அவிட்டு விடுறன்.”

“வேண்டாம்!” சிவபாதம் பதறினார். “அது பொல்லாதது. கிட்டப் போற ஆளை இடிச்சு விழுத்திப்போடும்.”

“மாடு எனக்குப் புதிசே? பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் எந்த முரட்டு மாடும் அடங்கும். என்ன பேர்?”

சிவபாதம் முழித்தார். ஒரு பேர், வாய்க்கு வந்த எந்தப் பேரையாவது சொல்லியிருக்கலாம். கனகசபை கதிரையில் முன்னால் சாய்ந்து அவர் வாயையே பார்க்க, அவருக்கு ஒன்றுமே வரவில்லை.

“பேரொண்டும் வைக்கேல்லை.”

இலட்சுமிப்பிள்ளை மகளின் கையைத் தட்டிவிட்டு எழும்பினாள். வள்ளம் ஒரு பக்கம் சரிந்து ஆடியது.

“பேர் இல்லையோ? நாள் நட்சத்திரம் பாத்து நீங்கள்தானே வைச்சனீங்கள்!”

“பிள்ளை, கொம்மாவைப் பிடிச்சு இருத்து,” என்று சிவபாதம் சம்பந்தியைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தார். “செல்லுக்குண்டுச் சத்தத்துக்குப் பயந்து இவளுக்குப் புத்தி பேதலிச்சு விசர் பிடிச்சிட்டுது.”

இலட்சுமிப்பிள்ளை புருஷனையும் பார்க்கவில்லை, சம்பந்தியையும் பார்க்கவில்லை. சவிரிமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“விசர் எனக்கில்லைத் தம்பி, கொட்டிலுக்கை கிடக்கிற என்ரை மூத்த பிள்ளைக்கு. தயாபரன் எண்டு கூப்பிடுங்கோ, கையை நீட்டுவான்.”