வாயில் வராத ஆங்கிலம்

கதவைத் திறந்த தயாபரன் சுபோதினியின் முகத்தைப் பார்க்கவில்லை. "வாங்கோ மிஸ்" என்றுவிட்டு, கதிரையில் கிடந்த மகளின் பள்ளிச் சீருடையை எடுத்து மடிக்கத் தொடங்கினார். கோபம் இருக்கத்தானே செய்யும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

காலி வீதியில் பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து இந்த நாலாம் மாடி வரைக்கும், சொல்ல வந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்திருந்தாள். தயாபரனின் மனைவி றேணுகாவுக்கு இங்கிலாந்தில் தாதி வேலை காத்திருந்தது; முதலில் அவள் தனியாகத்தான் போக வேண்டும். ஆங்கிலப் பேச்சுப் பரீட்சை ஒன்றுதான் பாக்கி. அதில் அவள் தவறிவிட்டாள். படிப்பித்தவள் சுபோதினி.

வகுப்புக்கு வந்த புதிதில் றேணுகா எளிமையான ஆங்கிலத்தில் தடங்கலில்லாமல் கதைப்பாள். அது போதாது, ஆங்கிலேயர் வாயில் வருகிற மரபுத்தொடர்கள் இயல்பாக வந்து விழ வேண்டும் என்று, நாளுக்குப் பத்தாகப் பாடமாக்க வைத்தது சுபோதினிதான். பரீட்சகர் முன்னால் றேணுகா வாயடைத்துப்போய் இருந்தாளாம். நன்றாக ஓடிக்கொண்டிருந்த நாக்கில் பாரத்தை ஏற்றியது நான்தானே என்று சுபோதினிக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை தவறாமல் மகளை மடியில் வைத்துக்கொண்டு வகுப்பு வாசலில் காத்திருந்த மனுசன் இவர். அவருக்கு என்ன பதில் சொல்வது?

குசினியில் றேணுகா ஆஸ்பத்திரி டொக்டர் யாரோடோ போனில் கதைத்துக்கொண்டிருந்தாள். "டோன்ட் வொறி டொக்டர், ஐ வில் ஹோல்ட் த ஃபோட்."

நீங்கள் வரும்வரை நான் பார்த்துக்கொள்கிறேன் என்பதற்கு சுபோதினி சொல்லிக்கொடுத்த தொடர். மூச்சு விடுவதுபோல வந்தது. பரீட்சையின் அந்தப் பதினைந்து நிமிடத்துக்கு மட்டும் ஏன் வராமல் போனது? சுபோதினிக்கு இன்னும் வலித்தது.

றேணுகா எட்டிப் பார்த்து, ஒன்றுமே நடக்காததுபோல, பிளேன்டீயா பால் தேத்தண்ணியா என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

சுபோதினி குரலைத் தாழ்த்தினாள். "பிழை என்னிலதான் அண்ணா. வேலைக்கு இன்னும் ரெண்டு மாசத் தவணை இருக்கு. அக்கா திரும்ப ஒருக்கா எடுக்கட்டும். நான் இங்க வந்தே சொல்லிக் குடுக்கிறன், காசு ஒண்டும் வேண்டாம்."

தயாபரன் மடித்த சீருடையை விரித்தார். மறுபடியும் மடித்தார். குசினிக்குள் கோப்பைகளின் சத்தம் கேட்டது.

"அவவுக்கு எல்லாம் வரும் மிஸ்" என்றார். முதல் தடவையாக அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"சோதனை வாசலில வச்சு, ஒண்டும் கதைக்காமல் வந்திடு எண்டு கெஞ்சினது நான்."