ஆந்தைக் குரல்

“ஞாயித்துக்கிழமை நேர்ல பார்ப்போம். இத்தனை நாள் பாட்டோட நின்னது போதும்.”

மனைவியின் போனில் மின்னிய வரியைப் படித்ததும் லிஃப்ட் மெக்கானிக்குக்குப் பகீரென்றது. அனுப்பிய ஆள் பெயர் இல்லை. ஓர் ஆந்தைப் படம் மட்டும்.

எல்லாம் அந்த அனிமேஷன் படத்தால் வந்த வினை. அதில் மரத்தடி அணில் கேள்வி பாட, உச்சிக் கிளை ஆந்தை பதில் பாடும். இப்போது ஊரே அணில் முகமூடியோடு பாதிப் பாட்டைப் பாடி இணையத்தில் போட்டது. முன்பின் தெரியாத யாரோ ஆந்தையாகி மீதியைப் பாடி ஒட்டினார்கள். பஸ் டிரைவர்கள் பாடினார்கள், நர்ஸுகள் ஆடினார்கள்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் அவன் மனைவியும் பாடினாள். கட்டைக் குரல் ஆந்தை ஒன்று அவளுக்குப் பதில் பாடியது. ஒரே வாரத்தில் இருபது லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள்.

“யாருடி அந்த ஆந்தை?”

“யாருக்குத் தெரியும்? அவங்களும் முகமூடியைக் கழட்டினதில்ல. ஆனா, நான் எங்க மூச்சு விடுவேன்னுகூட அவங்களுக்குத் தெரியுதுங்க!”

அவன் போனைக் கவிழ்த்து வைத்தான்.

“ஷாப்பிங் மால்ல எங்க ரெண்டு பேரையும் பாடக் கூப்பிட்டிருக்காங்க. நீங்களும் வாங்களேன்.”

“எனக்கு வேற வேலை இல்ல?”

புலம்ப ஆள் வேண்டுமே! அம்மாவுக்குப் போன் போட்டான். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சரான அம்மா அடுத்த தெருவில் தனியாக இருந்தாள். ஜன்னல் திரை நீலமா பச்சையா என்று ஆரம்பித்த சண்டையில் மருமகளோடு பேச்சை நிறுத்தி ஆறு மாதம் ஆகிறது. விஷயத்தைக் கேட்டால் மருமகளை ஒரு பிடி பிடிப்பாள் என்று நினைத்தான்.

“தொண்டைக்கு ஓய்வு குடுக்கணும்டா. ஞாயித்துக்கிழமை வரைக்கும் கூப்பிடாதே” என்று வைத்துவிட்டாள் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை வேலையாவது ஒன்றாவது! மாலில் ஒரு தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்றான். மேடையில் அவன் மனைவி அணிலாக. எதிரே தொளதொள கோட்டில் ஆந்தை.

பாட்டு தொடங்கியது. அவள் இழுத்த இடத்தில் அது இழுத்தது, அவள் சிரித்த இடத்தில் அது குழைந்தது. கூட்டம் எழுந்து ஆடியது. தன் காலும் தாளம் போடுவதைக் கண்டு அவன் காலையே முறைத்தான்.

“முகமூடியைக் கழட்டுங்க!” என்று கூட்டம் கத்தியது.

அவ்வளவுதான். சட்டைக் கையை மடித்துக்கொண்டு மேடையை நோக்கிப் பாய்ந்தான். ஆந்தையை இன்று உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவது என்று முதல் படியில் கால் வைத்தான்.

மேலே இருவரும் முகமூடியைக் கழற்றினார்கள். அவன் மனைவிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“அத்தை... நீங்களா?”

ஆந்தையின் கையிலிருந்த முகமூடியும் நழுவி விழுந்தது. பிறகு மருமகள் பக்கமே திரும்பாமல், படியில் சிலையாக நின்றவனைப் பார்த்துச் சொன்னது:

“டேய், அடுத்த பாட்டுக்குச் சுதியைக் கொஞ்சம் இறக்கணும்னு உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு. நான் அவகூடப் பேசுறதில்ல!”