சகலை மாற்றிய கேபிள்

"அண்ணா, கொஞ்சம் நகர்ந்துக்கிறீங்களா? நான் ஒரு தடவை பார்க்கிறேன்."

சின்ன மாப்பிள்ளை பணிவாகத்தான் கேட்டார். அந்தப் பணிவுதான் பெரிய மாப்பிள்ளைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இருவரும் சகலைகள். அக்காவைக் கட்டியவர் இவர், தங்கையைக் கட்டியவர் அவர். ஒரே ஆபீஸ், ஒரே நெட்வொர்க் டீம். சகலைக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே இவர்தான். அந்தப் புண்ணியத்துக்கு, டீம் லீட் பதவிக்கு இப்போது இவர் பெயரோடு அவர் பெயரும் அடிபட்டுக்கொண்டிருந்தது.

மாமனார் வீட்டிலும் இதே கதைதான். டிவி மக்கர் பண்ணினால், "சின்ன மாப்பிள்ளைக்குப் போன் போடு" என்பார் மாமியார். பெரிய மாப்பிள்ளை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும் சரி.

போன வெள்ளிக்கிழமை மட்டும்தான் விதிவிலக்கு. "அம்மா வீட்ல வைஃபை போச்சாம். தங்கச்சி வீட்டுக்காரர் கிளம்பிட்டிருக்காராம்" என்று மனைவி போனில் சொன்னதுதான் தாமதம், இவர் ஆபீஸில் செய்துகொண்டிருந்த வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் பறந்தார். முதல் ஆளாகப் போய்ச் சரிசெய்து, மாமியார் வாயால் ஒரு 'பரவாயில்லையே' வாங்கிவிட்டார். அந்த ஒரு வார்த்தையில் இரண்டு நாள் தூக்கம் நன்றாக வந்தது.

இன்று திங்கள். காலையிலேயே, மூன்றாம் மாடிக் கணினிகளையெல்லாம் நெட்டோடு இணைக்கும் ஸ்விட்ச் பெட்டி படுத்துவிட்டது. மாடி முழுக்க நெட் இல்லை.

நெட்வொர்க் போய்விட்டால் ஸ்விட்சுக்குள் நுழைய ஒரே கொல்லைப்புற வழிதான். பக்கத்திலிருக்கும் சர்வரிலிருந்து அதற்கு நேராகப் போகும் தனிக் கம்பி, சீரியல் கேபிள். அதன் வழியே ஒரு மணி நேரமாக இவர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"ஸ்விட்ச்லேர்ந்து திரைக்குப் பாதி எழுத்து வருது, பாதி எழுத்து காணோம் சார். ஸ்பீடு செட்டிங்ல ஏதோ கோளாறு" என்று மேனேஜரிடம் நாலு தடவை சொல்லியாகிவிட்டது. எல்லா ஸ்பீடும் மாற்றிப் பார்த்தாயிற்று. எழுத்துதான் முழுசாக வரவில்லை.

வேறு வழியின்றி எழுந்து இடம் கொடுத்தார்.

சகலை உட்கார்ந்தார். என்னவோ தட்டினார். திரையையே ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு திரையில் திறந்திருந்த அந்த ஜன்னலைச் சின்னதாக்கிவிட்டு நிமிர்ந்தார்.

"கேபிள் போயிருக்கு சார். மாத்திடறேன்."

பழையதைக் கழற்றிக் குப்பைக் கூடையில் போட்டார், புதியதைச் செருகினார். எழுத்துகள் முழுசாக ஓடின. கொஞ்ச நேரத்தில் மாடிக்கே உயிர் வந்தது.

"பலே!" என்று சகலையின் தோளைத் தட்டினார் மேனேஜர். இவர் பக்கம் திரும்பி, "ஒரு மணி நேரத்துல கேபிளை மாத்திப் பார்க்கத் தோணலையா உங்களுக்கு?" என்றார்.

பெரிய மாப்பிள்ளைக்குப் பொறுக்கவில்லை. வெறும் கேபிளிலா தோற்றோம்? இது மாமியார் காதுக்குப் போனால் ஜென்மத்துக்கும் போதும்.

எல்லோரும் போனதும் குப்பைக் கூடையிலிருந்து அந்தக் கேபிளை எடுத்தார். தன் லேப்டாப்பையும் ஒரு உபரி ஸ்விட்சையும் அதில் இணைத்தார்.

எழுத்துகள் மணி மணியாக வந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை.

"மாட்டினாண்டா!"

கேபிளைக் கையில் சுருட்டிக்கொண்டு மேனேஜர் அறைக்கு ஓடினார்.

"சார், இந்தக் கேபிள்ல ஒரு குறையும் இல்லை. நானே டெஸ்ட் பண்ணிட்டேன். அவர் வேற எதையோ பண்ணிட்டு, கேபிள் மேல பழி போட்டு ஹீரோ ஆயிட்டார். சொந்தக்காரர்னு மூடி மறைக்க மனசு வரலை சார்."

மேனேஜர் சகலையை வரவழைத்தார்.

"கேபிள்தானா?"

"கேபிள்தான் சார்." சகலை இவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"பொய் சார்! காலையில திறந்த ஜன்னல் சர்வர்ல அப்படியேதான் இருக்கும். வாங்க, காட்டறேன்."

"அண்ணா, வேணாம். விட்டுடுங்க."

"ஏன், பயமா இருக்கா?"

சர்வர் முன்னால் உட்கார்ந்து, சின்னதாக்கி வைத்திருந்த ஜன்னலைப் பெரிய மாப்பிள்ளையே திறந்தார். கையும் களவுமாகப் பிடிக்கப்போகிற குஷியில், மேனேஜருக்குக் கேட்கும்படி உரக்கவே சொல்லிக்கொண்டு போனார்.

"பாருங்க சார், கேபிளைத் தொடறதுக்கு முன்னாடியே ஒரு வேலை பண்ணியிருக்கார். இந்த சீரியல் வழியை வேற யாராவது திறந்து வச்சிருக்காங்களான்னு சர்வரைக் கேட்டிருக்கார். ஆமா, ஒருத்தர் மூடாம விட்டிருக்கார். பாதி எழுத்து அங்கே போயிடுச்சு, அதான் நமக்குப் பாதி வந்திருக்கு. அதை மூடிட்டு, அப்புறமா சும்மா ஒப்புக்குக் கேபிளை மாத்தியிருக்கார். திறந்து வச்சுட்டுப் போன மகானுபாவர் யாருன்னா..."



திரையில் இருந்தது அவருடைய பெயர். பக்கத்தில், வெள்ளிக்கிழமை மாலை.

மேனேஜர் குனிந்து படித்தார். நிமிர்ந்தார்.

"அவசர வழியை மூடாமலே போயிருக்கீங்க. ஒரு மாடியே ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தது. வெள்ளிக்கிழமை அப்படி என்ன தலைபோற அவசரம்?"

பெரிய மாப்பிள்ளைக்குக் கையிலிருந்த நல்ல கேபிளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

சகலைதான் பதில் சொன்னார்.

"எங்க மாமனார் வீட்ல ஒரு பிரச்சினை சார். எனக்கு அதைச் சரிபண்ணத் தெரியலை. அண்ணாவைத்தான் அவசரமா வரச் சொன்னேன்."