மூன்று மணி நிழல்

“என் மாடியில வெயில் அடிக்கலைன்னா என் வீட்டு அடுப்பு எரியாதுங்க,” என்றாள் மணிமேகலை.

விக்டர் தன் ஆபீஸ் நாற்காலியில் புன்னகை மாறாமல் உட்கார்ந்திருந்தார். ஏழு மாடி கட்டப்போகிறவருக்குப் புன்னகைக்கு என்ன பஞ்சம்.

புத்தூரில் அவள் வீட்டுக்கு மேற்கே ஒட்டிய மனை அவருடையது. அங்கே ஏழு மாடி எழும்பினால் மதியத்துக்கு மேல் அவள் மொட்டை மாடி முழுக்க நிழல்தான். கூழ் வற்றலும் மணத்தக்காளி வற்றலும் காயவைத்து ஸ்ரீரங்கத்துக் கடைகளுக்குக் கொடுத்துப் பிழைக்கிறவள் அவள். பூஞ்சை பிடித்த வற்றலை எவன் வாங்குவான்?

அவளைவிட அதிகமாகக் கொதித்தது கூட வந்திருந்த தம்பி காசிநாதன்தான். மேஜையைத் தட்டினான். கோர்ட்டுக்குப் போவேன் என்றான். அக்கா வயிற்றில் அடித்துவிட்டு ஒரு செங்கல் வைத்துவிட முடியுமா, பார்த்துவிடுகிறேன் என்றான்.

அந்த அறையில் அவளுக்கு அவன் ஒருத்தன்தான் தெம்பு.

விக்டர் தன் இன்ஜினீயர் ஸ்ரீவித்யாவைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் லேப்டாப்பைச் சுவரிலிருந்த பெரிய திரையோடு இணைத்தாள்.

கட்டடம் மொத்தத்தையும் முதலிலேயே கம்ப்யூட்டருக்குள் கட்டிவிட்டார்களாம். எவ்வளவு சிமெண்ட், அதனால் எவ்வளவு புகை, எவ்வளவு குப்பை, நிழல் எந்தப் பக்கம் விழும், எல்லாவற்றையும் அதுவே கணக்குப் போட்டுச் சொல்லிவிடுமாம். சுற்றுச்சூழலுக்கு இதைவிட நல்ல கட்டடம் திருச்சியிலேயே கிடையாதாம். மனப்பாடம் செய்ததை ஸ்ரீவித்யா ஒப்பித்து முடித்தாள்.

திரையில் அவர்கள் தெரு வந்தது. நடுவில் ஏழு மாடி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது. ஸ்ரீவித்யா சூரியனை நகர்த்தினாள். மூன்று மணிக்கு நிழல் கிழக்கே சரிந்தது.

நிழலால் பாதிக்கப்படும் வீடுகள் எதுவும் இல்லை என்று திரையின் ஓரத்தில் எழுத்து வந்தது. பக்கத்தில் பச்சை நிறத்தில் ஒரு டிக் வேறு.

மணிமேகலைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனாள். தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் இருந்தது. அதை ஒட்டித்தான் அவள் வீடு இருக்க வேண்டும்.

அங்கே புல்தரையும் மரங்களும் ஒரு ஊஞ்சலும் இருந்தன. நிழல் அவற்றின்மேல் சொகுசாகப் படுத்திருந்தது.

என் வீடு எங்கே என்று கேட்டாள்.

ஸ்ரீவித்யாவின் முகம் வெளுத்தது. பக்கத்து வீட்டாருக்குக் காட்டுவதற்கென்றே, அந்த வீட்டோடு தனியாக ஒரு படம் செய்து வைத்திருந்தார்கள். அவசரத்தில் அவள் திறந்தது ஆபீசுக்குள் மட்டும் வைத்திருந்த அசல் திட்டத்தை. தட்டுத்தடுமாறி அதை மூடினாள். விக்டரின் புன்னகை போன இடம் தெரியவில்லை.

ஊரான் வீட்டை இடித்துவிட்டுப் பூங்கா வைக்கிற மனுஷன் விளங்குவானா என்று மணிமேகலை கத்தினாள். இனி தம்பி இவர்களைச் சும்மா விடமாட்டான். வீடு அவன் பேரில்தானே இருக்கிறது, அப்பா ஆண்பிள்ளைக்கென்று எழுதிவைத்தது. அவன் கையெழுத்து இல்லாமல் ஒரு செங்கல்லைக்கூட இவர்களால் பெயர்க்க முடியாது.

அவள் திரும்பினாள்.

காசிநாதன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“நான் இன்னும் கையெழுத்துப் போடலைக்கா,” என்றான்.