ஒத்திகையில் விழுந்த ஒரு வாக்கு

முப்பது வருடக் குடும்ப வாழ்க்கையில் முதல் தடவையாக, ஸ்ரீஸ்கந்தராசா தன் கையால் தேத்தண்ணி போட்டு மனைவி சிவமணிக்குக் கொண்டுவந்து கொடுத்தார்.

"என்னப்பா, உடம்புக்கு ஏதும் செய்யுதோ?" என்றாள் அவள்.

"குடியும். இந்த பில்டிங்கில எனக்கு மிச்சம் நீர் ஒராள்தான்." என்றார் அவர்.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இருக்கும் அந்த மாடிக் குடியிருப்பின் சங்கத்துக்குப் பன்னிரண்டு வருடமாக அவர்தான் தலைவர். லிஃப்ட் நின்றாலும் தண்ணி மோட்டர் எரிந்தாலும் முதலில் ஓடுகிறவரும் அவர்தான். வருகிற ஞாயிற்றுக்கிழமைத் தேர்தலில்தான் முதன்முறையாக ஒரு போட்டி முளைத்திருந்தது.

போட்டியாளர் செபஸ்தியன், கொட்டாஞ்சேனையிலிருந்து போன வருடம் குடிவந்தவர். மொட்டை மாடியை போன் டவர்க்காரனுக்கு விற்கப் போகிறான் என்று ஸ்ரீஸ்கந்தராசா வீடு வீடாகப் போய் அவரைப் பற்றி இல்லாததும் பொல்லாததும் சொல்லி வைத்திருந்தார். கள்ள வாக்கும் போடுவான் என்று, யாராலும் திருத்த முடியாத பிளொக்செயினில்தான் வாக்கெடுப்பு நடக்க வேண்டும் என ஒற்றைக்காலில் நின்றார்.

மூன்றாம் மாடி வினோதன் அதைச் செய்து கொடுத்தான். "ஞாயிறு போடுறது மெயின்நெட்டில, அங்கிள். அதில ஏறினா ஒண்டும் அழிக்கேலாது. அதால இண்டைக்கு டெஸ்ட்நெட்டில ஒத்திகையா ஒருக்காப் போட்டுப் பாப்பம். இந்த வோட் செல்லாது. ஆர் போட்டதெண்டும் தெரியாது."

நேற்றுப் பின்னேரம் கீழ்மாடிக் கூடத்தில் எல்லாரும் போனும் கையுமாகக் கூடினார்கள். "தம்பி, எனக்கு நானே போடுறது நல்லா இல்லையே" என்று செபஸ்தியன் நெளிந்தார்.

நல்ல நடிப்பு என்று நினைத்த ஸ்ரீஸ்கந்தராசா, தன் கௌரவத்தைக் காட்ட வாக்கே போடாமல் விட்டார். மற்ற இருபத்துமூன்று பேரும் போட்டார்கள்.

செபஸ்தியனுக்கு இருபத்திரண்டு. ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு ஒன்று.

"பக்கத்து வீட்டு மஷூர்ட மகளின்ர கலியாணத்தண்டு கரண்ட் போக, ஜெனரேட்டருக்குப் பக்கத்திலயே நிண்டனான். அவனும் கழுத்தறுத்திட்டான்!" என்று மனைவியிடம் பொருமினார். சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் காலையிலேயே எழுதிப் போட்டுவிட்டார்: 'நான் விலகுகிறேன். துரோகிகளே, நன்றாக இருங்கள். எனக்கு வாக்களித்த அந்த ஒரு ஜீவனுக்கு மட்டும் நன்றி.'

"அந்த ஜீவன் நீர்தான்" என்று மனைவியைப் பார்த்தார்.

சிவமணி தேத்தண்ணியைத் தொடவில்லை. "அது நான் இல்லையப்பா."

"என்ன கதைக்கிறீர்?"

"நான் செபஸ்தியனுக்குத்தான் போட்டனான். பன்னிரண்டு வருசமா நீங்கள் ஒருநாள் ஆறுதலா இருந்து சாப்பிட்டதில்லை. தோத்தா வீட்டில இருப்பீங்கள் எண்டு நினைச்சன்."

ஊரார் செய்ததைத் தாங்கிவிடலாம், கட்டியவள் செய்ததை எப்படித் தாங்குவது?

"அப்ப அந்த ஒண்டு ஆர்?"

அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தார். செபஸ்தியன் நின்றிருந்தார், கையில் போன், அதில் காலையில் இவர் போட்ட அந்தச் செய்தி.

"விலகாதீங்க அண்ணே. அந்த ஒரு வோட் நான் போட்டது."