அம்புக்குறியின் சந்தேகம்

கணினித் திரையில் திரியும் அம்புக்குறிக்கு ஹார்டு டிஸ்க்மேல் தீராத சந்தேகம். எந்த ஃபைலைக் கேட்டாலும் தாமதம்.

"அண்ணே, உள்ளே தூங்குறீங்களா, இல்ல வேற யாருக்காவது வேலை பார்க்கிறீங்களா?"

"எல்லாம் பொடிப்பொடி ஃபைல்தான் தம்பி. ஆனா ஒரே ஃபோல்டர்ல லட்சக்கணக்கில் கிடக்கு. ஒண்ணை எடுக்க அத்தனையையும் புரட்டணும்."

அம்புக்குறி நம்பவில்லை. கையும் களவுமாகப் பிடிக்க நினைத்து, டிஸ்க் தாமதித்த ஒவ்வொரு நொடிக்கும் ஒரு குறிப்பு எழுதி, ஒவ்வொன்றையும் தனி ஃபைலாக அதே ஃபோல்டரில் ஒளித்து வைத்தது. தாமதம் கூடியது. சந்தேகமும் கூடியது.

கடைசியில், "ஆதாரம் இருக்கு! என் முதல் குறிப்பை எடுங்க!" என்று அதட்டியது.

"தேடுறேன் தம்பி. மேலே கிடக்கிறதெல்லாம் உன் குறிப்புதான், தள்ளிட்டுத்தான் எடுக்கணும். கொஞ்சம் பொறு."

அம்புக்குறி இன்னும் வட்டமாகச் சுற்றிக்கொண்டே நிற்கிறது.